பேனா எங்கே நிற்கிறது: ஓர் ஓவிய ஆசிரியை அனிமேஷன் மென்பொருள் கற்ற நிகழ்வு

பின்னணி

இந்தப் பதிவில் வரும் ஆசிரியையின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவர் பெயர், ஊர், பள்ளி ஆகியவற்றைத் தவிர்த்திருக்கிறேன். காவிரி டெல்டாவில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியை. வயது நாற்பதைக் கடந்தவர். பென்சில், நீர்வண்ணம், சுவரோவியம் எல்லாவற்றிலும் தேர்ந்த கை. பள்ளி ஆண்டு விழாவின் பின்திரை முதல் சுகாதாரத் துறைக்கான விழிப்புணர்வுத் தட்டிகள் வரை அவர்தான் வரைவார். கணினியில் கிரிட்டா என்ற கட்டற்ற (யாரும் இலவசமாகப் பயன்படுத்தி, மாற்றிக்கொள்ளக்கூடிய) மென்பொருளைக் கொண்டு போஸ்டர்களுக்கு வண்ணம் தீட்டும் பழக்கமும் ஓரளவு இருந்தது. அனிமேஷன் மட்டும் புதிது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு தலைமையாசிரியர் ஒரு வேலை கொடுத்தார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நிமிட அசைபடம் வேண்டும். இணையத்தில் கிடைத்த படங்களில் பெரும்பாலானவை ஆங்கில விளக்கத்தோடு இருந்தன. நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியும் டயரும் சிமென்ட் தொட்டியும் அவற்றில் இல்லை. அதனால் தானே செய்து தருகிறேன் என்று ஆசிரியை ஒப்புக்கொண்டார்.

கையிலிருந்தது சில ஆண்டுகள் பழைய லேப்டாப். 4 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதோடு திரை இல்லாத சிறிய பென் டேப்லெட் ஒன்று; அதன்மேல் பேனாவால் வரைந்தால் கோடு கணினித் திரையில் விழும். கட்டற்ற மென்பொருள்களில் ஓவியமும் அனிமேஷனும் சொல்லிக் கொடுப்பது என் வேலை. முதல் முயற்சி நின்றுபோன பிறகுதான் அவர் என்னிடம் வந்தார்.

முதல் முயற்சி நின்ற இடம்

உறவுக்காரப் பையன் ஒருவன் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைப் பரிந்துரைத்திருந்தான். தவறான பரிந்துரை என்று சொல்ல முடியாது. பிளெண்டர் 2002 முதல் கட்டற்ற மென்பொருள். 2019-இல் வந்த 2.80 பதிப்பிலிருந்து அதன் கிரீஸ் பென்சில் பகுதி முழுமையான இருபரிமாண அனிமேஷன் கருவியாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் இந்த லேப்டாப்பில் புதிய பதிப்பு திறக்கவே இல்லை. 4.0 பதிப்பிலிருந்து பிளெண்டருக்கு, கிராஃபிக்ஸ் சிப்போடு பேச மென்பொருள்கள் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல் என்ற இடைமுகத்தின் 4.3 பதிப்பு தேவை. பழைய கிராஃபிக்ஸ் சிப்புகள் பலவற்றில் அது இல்லை. பையன் முந்தைய 3.6 பதிப்பை நிறுவிக் கொடுத்தான். அது திறந்தது.

திறந்ததும் சாம்பல் வெளியில் ஒரு கனசதுரம், ஒரு கேமரா, ஒரு விளக்கு. தமிழில் பேசும் ஒரு பாடக் காணொளியை வைத்துக்கொண்டு படிப்படியாகச் செய்யத் தொடங்கினார். அந்தக் காணொளி 2.80-க்கு முந்தைய பதிப்பில் எடுக்கப்பட்டது. அப்போது பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸின் வலது பொத்தானை அழுத்த வேண்டும், 2.80-இலிருந்து இடது பொத்தான். காணொளியில் பேசுபவர் எண் விசைப்பலகையை வைத்து கேமராப் பார்வைக்குப் போகிறார். ஆசிரியையின் லேப்டாப்பில் எண் விசைப்பலகையே இல்லை. ஒவ்வொரு படியிலும் அவர் திரை ஒன்று சொன்னது, காணொளி வேறொன்று சொன்னது. தான் எங்கோ தப்பு செய்கிறோம் என்றுதான் அவர் ஒவ்வொரு முறையும் நினைத்தார்.

சில வாரங்களில் விட்டுவிட்டார். என்னிடம் வந்தபோது அவர் முதலில் சொன்னது இது: "சார், எனக்கு வயசாயிடுச்சு. இது பசங்க கத்துக்கிற விஷயம்."

நாற்பது வயதில் புதிதாக ஒன்றைக் கற்கத் தயங்கும் எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதற்கான காரணம் இந்த நிகழ்விலேயே இருக்கிறது.

கவனித்தவை

முதல் சந்திப்பில் எதையும் கற்றுத் தரவில்லை. அவருக்குப் பழக்கமான கிரிட்டாவைத் திறந்து, ஒரு புள்ளி இடமிருந்து வலம் நகர்வதுபோல வரையச் சொன்னேன். அவர் வரைய, நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கெல்லாம் கை நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

நின்ற இடங்கள் இவை. டைம்லைனில், அதாவது படங்களை நேர வரிசையில் காட்டும் பட்டையில், 0-ஆம் ஃபிரேமில் (ஃபிரேம் என்பது அந்தப் பட்டையின் ஒரு கட்டம், நொடியின் ஒரு சிறு துண்டு) புள்ளி வைத்தார், 2-ஆம் ஃபிரேமுக்குப் போய் இன்னொரு புள்ளி வைத்தார், 4-இல் ஒன்று. ஓட்டிப் பார்த்தால் மூன்று புள்ளிகளும் சேர்ந்து அசையாமல் நின்றன. புதிய ஃபிரேம் உருவாக்காமல் டைம்லைனில் வெறுமனே நகர்ந்தால், கிரிட்டா அந்தக் கோடுகளையெல்லாம் ஒரே படத்தில்தான் சேர்க்கும். அதைச் சரிசெய்து கொடுத்ததும், முந்தைய படத்தின் நிழல் தெரியவில்லை என்றார். அந்த நிழலைக் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியின் விளக்குக் குறி எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் வரைந்த லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒளிபுகும் தாள் போன்றது) முழுக்க வெள்ளை நிரப்பியிருந்தது. வெள்ளைக்குப் பின்னால் நிழல் எப்படித் தெரியும்?

அடுத்தது இன்னும் நுட்பமானது. 2-இல் ஒரு படம், 4-இல் ஒரு படம் வைத்திருந்தார். 3-இல் போய் நின்றால் திரையில் 2-இன் படம்தான் தெரியும், ஏனெனில் அடுத்த ஃபிரேம் வரும்வரை முந்தையது நீடிக்கும். அவர் 3-ஐப் புதிய தாள் என்று நினைத்து, தெரிந்த படத்தை அழித்தார். 2-இன் படம் போய்விட்டது. "நேத்து வரைஞ்சது எல்லாம் காணாமப் போயிடுது சார்" என்று அவர் முன்பே சொல்லியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

இடையில் ஒருமுறை பிரஷ் வேலை செய்யவில்லை. அவர் கை தவறி ஆங்கில ஈ விசையில் பட்டு, பிரஷ் அழிப்பானாக மாறியிருந்தது. இன்னொரு முறை குறுக்குவிசைகள் எதுவுமே கேட்கவில்லை. அதற்கு முன் கோப்புக்குப் பெயர் வைக்கத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறியவர், திரும்ப ஆங்கிலத்துக்கு மாறவில்லை. விசையை அழுத்தும்போது கணினிக்குப் போய்ச் சேர்ந்தது தமிழ் எழுத்து. தமிழில் தட்டச்சு செய்யும் யாருக்கும் இது நடக்கும். எந்தப் பாடக் காணொளியிலும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அன்று இரவு குறிப்புகளைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எந்தக் கருவி எதற்கு என்று தெரியாமல் அவர் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் நின்றது, தன் பேனா அந்த நொடியில் எந்த லேயரில், எந்த ஃபிரேமில், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாததால். காகிதத்தில் இந்தக் கேள்வியே எழாது. பென்சில் முனை எந்தத் தாளில் படுகிறதோ அங்கேதான் கோடு விழும். மென்பொருளிலோ கோடு எங்கே விழும் என்பதைத் திரையின் மூலைகளில் இருக்கும் சிறு குறிகள்தான் தீர்மானிக்கின்றன. பழகியவர்களின் கண் தானாக அங்கே போய்வரும். காணொளியில் பேசுபவருக்கும் அப்படித்தான். அதனால் அவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. புதியவருக்கு அது தெரிவதே இல்லை.

பிளெண்டரில் நடந்ததும் இதுவே என்பது அப்போது புரிந்தது. அங்கே பொருள் நிலை, வரையும் நிலை, திருத்தும் நிலை என்று நிலைகள் இன்னும் அதிகம்.

மென்பொருளை மாற்றிய முடிவு

பிளெண்டரை ஒதுக்கிவைத்தோம். கூட எடைபோட்டவை மூன்று. ஓப்பன்டூன்ஸ் இத்தாலியில் பிறந்து, ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி தன் தேவைக்கேற்பச் செதுக்கிப் பயன்படுத்தி, 2016-இல் கட்டற்றதாக வெளிவந்த மென்பொருள். காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. ஆனால் அதன் லேயர்களிலேயே பல வகை உண்டு. எந்த வகையில் வரைகிறோம் என்பது நான்காவது கேள்வியாகச் சேர்ந்துவிடும். சின்ஃபிக், வெக்டர் வடிவங்களை, அதாவது கணக்கால் வரையறுத்த கோடுகளையும் உருவங்களையும், நகர்த்த நல்லது. கொசுப்புழு நெளிவதற்கு அவரது கைக்கோடு வேண்டும் என்பதால் அது ஒத்துவரவில்லை. பென்சில் 2டி மிக எளிது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதைத்தான் கிட்டத்தட்டத் தேர்ந்தெடுத்திருப்போம்.

கிரிட்டாவில் நின்றதற்கு ஒரே காரணம், அதன் பிரஷ்கள் அவர் கைக்கு ஏற்கெனவே பழகியிருந்தன. புதிதாகக் கற்க வேண்டியது டைம்லைன் மட்டும். ஒரே நேரத்தில் இரண்டு புதியவை வேண்டாம் என்பது என் நிலைப்பாடு.

ரேம் பற்றியும் கணக்குப் போட்டோம். 1920×1080 அளவில் ஒரு முழு ஃபிரேம் சுமார் 8.3 எம்பி. நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஒரு நிமிடத்துக்கு 1440 ஃபிரேம். அவற்றை ஓட்டிக் காட்ட நினைவகத்தில் வைத்தால் ஏறத்தாழ 12 ஜிபி. 4 ஜிபி லேப்டாப்பில் இது நடக்காது. 1280×720 என்று குறைத்தால் ஃபிரேமுக்கு 3.7 எம்பி. ஐந்து நொடிக் காட்சி ஒன்று 450 எம்பிக்குள் அடங்கிவிடும். பள்ளிப் புரொஜெக்டருக்கு அந்த அளவு போதும். ஆகவே படத்தைத் துண்டு துண்டாக, காட்சிக்கு ஒரு கோப்பு என்று செய்வதாக முடிவானது. இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க முடியாது. முன்பு பிளெண்டர் திணறியதற்கும் தன் திறமைக்கும் தொடர்பில்லை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

காகிதத்தில் தொடங்கியது

பாடக் காணொளிகளைச் சில வாரங்களுக்கு முற்றிலும் நிறுத்தச் சொன்னேன். கிரிட்டாவில் ஐந்து செயல்களுக்கு மட்டும் அனுமதி: புதிய வெற்று ஃபிரேம், படத்தோடு நகலெடுத்த ஃபிரேம், ஃபிரேமை நகர்த்துதல், ஆனியன் ஸ்கின், ஓட்டிப் பார்த்தல். மற்ற பொத்தான்களைத் தொட வேண்டாம்.

அதற்கும் முன்னால் நீள நோட்டு ஒன்றை வாங்கச் சொன்னேன். பக்கத்தில் கட்டம் போட்டு, இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஃபிரேம் எண்கள்; மேலே குறுக்காக லேயர்கள். எந்த ஃபிரேமில் எந்த லேயரில் எந்தப் படம் என்று கட்டத்தில் எழுத வேண்டும். செல்லுலாய்டு தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கேமராவில் பிடித்த காலத்தில் ஸ்டுடியோக்கள் இப்படி ஒரு தாளை வைத்துத்தான் வேலை செய்தன. மென்பொருளின் டைம்லைன் அந்தத் தாளைப் படுக்கவைத்ததுதான். ஆசிரியைக்கு இது உடனே பிடிபட்டது. மதிப்பெண் பதிவேடு எழுதிப் பழகிய கை.

லேயர்களுக்குப் பெயர் வைப்பதையும் அப்போதே கட்டாயமாக்கினோம். அதுவரை அவர் கோப்புகளில் "பெயின்ட் லேயர் 1", "பெயின்ட் லேயர் 2" என்று மென்பொருள் தானாக வைத்த பெயர்கள்தான் இருந்தன. அவற்றைத் தமிழில் "தொட்டி", "தண்ணீர்", "புழு" என்று மாற்றினார்.

ஒவ்வொரு முறை பேனாவை வைக்கும் முன்பும் வாய்விட்டு மூன்றைச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த விதி: என்ன லேயர், என்ன ஃபிரேம், என்ன கருவி. முதல் நாட்களில் அவர் குரல் பக்கத்து அறை வரை கேட்டதாம். கொஞ்ச நாளில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது, கண் மட்டும் ஒருமுறை போய்வந்தது.

பந்தும் இயற்பியல் ஆசிரியரும்

முதல் பயிற்சி, எல்லோருக்கும் போல, கீழே விழும் பந்து. அவர் சம இடைவெளியில் ஆறு படங்கள் வரைந்தார். பந்து விழவில்லை, மிதந்து இறங்கியது. வரைவதில் இவ்வளவு தேர்ந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். கோட்டில் எந்தக் குறையும் இல்லை; படங்களுக்கு இடையிலான தூரத்தில்தான் குறை. ஓவியத்திலிருந்து அனிமேஷன் பிரியும் இடம் இதுதான்.

இதை நான் விளக்குவதைவிட அவர் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டார். விழும் பொருள் சமமான நேர இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை விகிதத்தில் கூடும் என்று அவர் கரும்பலகையில் காட்டியிருக்கிறார். அரை நொடியில் ஒரு பொருள் விழும் தூரம் சுமார் 1.2 மீட்டர். நொடிக்கு 24 ஃபிரேமில் அரை நொடி என்பது 12 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் ஆறு இடைவெளிகள். 1+3+5+7+9+11 கூட்டினால் 36. ஆக முதல் இடைவெளி நிஜ அளவில் சுமார் 3.4 செ.மீ., கடைசி இடைவெளி சுமார் 37 செ.மீ. இதை அளவுகோல் வைத்து நோட்டில் குறித்து, அதன்படி கிரிட்டாவில் வரைந்தார். பந்துக்கு எடை வந்தது.

ஒவ்வொரு அசைவையும் கணக்குப் போட்டு வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை அளந்து வரைந்த பிறகு கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒருமுறை அளந்ததால், இடைவெளியும் வரைய வேண்டிய ஒன்று என்பது அவர் கைக்கு ஏறியது.

பாட்டிலில் இருந்த புழுக்கள்

கொசுப்புழுவை அவர் முதலில் வரைந்தது தட்டிகளில் பார்க்கிற மாதிரி: கம்பளிப்பூச்சி ஒன்று தண்ணீரில் ஊர்வதுபோல. அசைவைப் படத்திலிருந்து எடுக்க முடியாது, பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று பேசினோம். பள்ளித் தோட்டத்தில் பூந்தொட்டிக்கு அடியிலிருந்த தட்டில் புழுக்கள் இருந்தன. அவற்றைத் தண்ணீரோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து, வாயில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டினார். கொசுவாக மாறினாலும் வெளியே வரக்கூடாது. செல்பேசியில் மெதுவாக ஓடும் முறையில் படம்பிடித்தார்.

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், சற்று விரிவாகவே சொல்கிறேன். புழு தலைகீழாகத் தொங்குகிறது. வால்பக்கத்துச் சுவாசக்குழாயை நீரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, தலை கீழே. பாட்டில்மேல் நிழல் விழுந்தால் உடனே பிடியை விட்டு, உடலை இடமும் வலமும் வளைத்து வளைத்துக் கீழே இறங்குகிறது. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, உடல் ஒரு பக்கம் வில்லாக வளைந்து, சட்டென்று நேராகி, மறுபக்கம் வளைகிறது. வளைந்த நிலையில் கண நேரம் நிற்கிறது; நடுவில் நேராக இருக்கும் நிலை கண்ணில் படுவதே இல்லை. ஆசிரியை அதைத் தன் நோட்டில் இப்படி எழுதிவைத்தார்: "ஓரத்தில் நிக்குது, நடுவுல பாயுது."

இந்த ஒரு வரியில் ஓர் அசைவின் முழு இடைவெளிக் கணக்கும் இருக்கிறது. ஓரங்களில் படங்கள் நெருக்கமாக, நடுவில் விலகி. எட்டுப் படங்களில் ஒரு சுழற்சி முடிந்து மீண்டும் முதலிலிருந்து ஓடும்படி வரைந்தார்.

கூட்டுப்புழு வேறு மாதிரி. காற்புள்ளி வடிவம். மார்புப் பகுதியில் எக்காளம்போன்ற இரண்டு குழாய்களால் மேலே மூச்சுவிடுகிறது, உண்பதே இல்லை. தொந்தரவு செய்தால் வாலை அடித்துக் குட்டிக்கரணம் போட்டபடி இறங்குகிறது. அந்த நிலை இரண்டு நாள் அளவுக்குத்தான். முட்டையிலிருந்து கொசுவாக மொத்தம் ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியைக் கொட்டிக் கழுவச் சொல்வது ஏன் என்பதையும் படத்தில் சேர்க்க முடிவு செய்தார். படம்பிடித்து முடிந்ததும் பாட்டில் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டினார்.

வரைந்த காலம்

ஒரு நிமிடம் என்பது, ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும், 720 படங்கள். பள்ளி வேலை முடிந்து இரவில் வரைகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. பின்னணி அசையாது, தொட்டி ஒரே படம், புழுவின் சுழற்சி திரும்பத் திரும்ப வரும். முட்டை நிலையை அசைவில்லாத படமாகவே வைத்தோம். ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டை வைக்கிறது. அவை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாங்கும். அதைச் சொல்ல அசைவு தேவையில்லை, ஒரு நல்ல ஓவியம் போதும். அதில் அவருக்கு இணை கிடையாது.

திரும்ப வரும் படங்களுக்கு கிரிட்டா 5-இல் வந்த குளோன் ஃபிரேம் வசதியைக் கற்றார். ஒரே படத்தைப் பல இடங்களில் காட்டலாம். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் மாறும். இதிலேயே ஒருமுறை மாட்டினார். கடைசிச் சுழற்சியில் மட்டும் புழு பெரிதாக வேண்டும் என்று ஒரு படத்தை மாற்ற, முன்னாலிருந்த எல்லாப் புழுக்களும் சேர்ந்து பெரிதாகின. இந்த முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. என்ன லேயர், என்ன ஃபிரேம் என்று பார்த்தவர், அந்த ஃபிரேம் குளோன் என்பதைத் தானே கண்டுபிடித்து, தனி நகலாக மாற்றிக்கொண்டார். நோட்டில் மூன்று கேள்விகளுக்குக் கீழே நான்காவதாக "இது தனியா, குளோனா?" என்று சேர்ந்தது.

மின்வெட்டு இரண்டு முடிவுகளுக்குக் காரணம். ஒன்று, ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் கோப்பை எண் கூட்டிய புதிய பதிப்பாகச் சேமிப்பது. இன்னொன்று, முடிந்த காட்சியை நேரடியாக வீடியோவாக எடுக்காமல், ஃபிரேமுக்கு ஒரு பிஎன்ஜி படமாக வெளியேற்றுவது. பாதியில் மின்சாரம் போய் லேப்டாப் அணைந்தாலும் அதுவரை வந்த படங்கள் கையில் இருக்கும், மீதியை மட்டும் எடுத்தால் போதும். பாதியில் நின்ற வீடியோ கோப்போ பெரும்பாலும் திறக்கவே திறக்காது. பிறகு எல்லாப் படங்களையும் கேடன்லைவ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளில் அடுக்கி, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசிய குரலைச் சேர்த்தார்.

இடையில் ஒரு காட்சி முற்றிலும் கைவிடப்பட்டது. கொசு கூட்டைப் பிளந்து நீர்மேல் வந்து நின்று, இறக்கை விறைக்கும்வரை காத்திருந்து பறக்கும் காட்சி. அதைத் திரும்பத் திரும்ப வரைந்தும் உயிர் வரவில்லை. பாட்டிலில் அது நடந்தபோது அவர் வகுப்பில் இருந்தார், நேரில் பார்க்க முடியவில்லை. பார்க்காததை வரைய வேண்டாம் என்று அவரே முடிவெடுத்து, அந்த இடத்தில் நேராகப் பறக்கும் கொசுவை வைத்தார். படம் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக முடிந்தது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

திரையிட்டபோது

மழை தொடங்கிய பிறகுதான் படம் தயாரானது. கூட்டுப்புழு கரணம் போட்டபோது பிள்ளைகள் சிரித்தார்கள், மறுபடி போடச் சொன்னார்கள். புழு ஏன் தலைகீழாகத் தொங்குகிறது என்ற கேள்வி உடனே வந்தது. விடை படத்திலேயே இருந்தும் கேட்டார்கள். குரல் விளக்கம் அந்த இடத்தில் வேகமாக ஓடியதை ஆசிரியை குறித்துக்கொண்டார்.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், டெங்கு கொசுவுக்குக் காலில் வெள்ளைப் பட்டை இருக்கும். இதுல இல்ல" என்றான். உண்மைதான். ஏடிஸை அடையாளம் காட்டும் முக்கியமான குறிகளில் ஒன்று அது. ஆசிரியை அவனைப் பாராட்டிவிட்டு அன்று மாலையே லேப்டாப்பைத் திறந்தார். பறக்கும் கொசு தனி லேயரில், குளோன் ஃபிரேம்களாக இருந்தது. சில படங்களில் பட்டையைத் தீட்டியதும் காட்சி முழுக்க மாறிவிட்டது. முன்பு அவரைத் தடுமாற வைத்த அதே வசதி இம்முறை வேலையை ஒரு மாலைக்குள் முடித்துக் கொடுத்தது.

பிறகு

அரையாண்டு விடுமுறையில் அவர் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பிளெண்டரை மறுபடி திறந்தார். அங்கிருந்த கணினியில் புதிய பதிப்பு ஓடியது. நான் உடன் இல்லை, தொலைபேசியில் பேசினோம். அவர் முதலில் கேட்ட கேள்வி: "சார், இதுல இப்ப நான் எந்த நிலையில இருக்கேன்னு எங்க பார்க்கிறது?" காட்சி வெளியின் இடது மேல்மூலையில் உள்ள பட்டியலைச் சொன்னேன். பொருள் நிலையிலிருந்து வரையும் நிலைக்கு மாறி, கிரீஸ் பென்சிலில் பந்தை விழவைத்து அன்றே அனுப்பினார். முன்பு வாரக்கணக்கில் நின்றுபோன இடம் அது. இடைப்பட்ட காலத்தில் அவருக்கு வயது குறையவில்லை.

அவர் இன்னும் கற்காதவை உண்டு. உதட்டசைவு தெரியாது. கேமரா அசைவைத் தொடவில்லை. பிளெண்டரின் முப்பரிமாணப் பகுதியில் ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது வரிசையை மாற்றுவேன். புழுவைப் பார்க்கும் வேலை பந்துப் பயிற்சிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். தான் செய்யப்போகும் படத்தின் அசைவை முதலில் கண்ணால் பார்த்தவருக்கு, பந்தின் இடைவெளிக் கணக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றாது. இங்கே அவர் பொறுமையாகச் செய்தார். எல்லோரும் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பாடக் காணொளிகளை முற்றிலும் நிறுத்தியதை அப்படியே பின்பற்ற மாட்டேன். அவற்றை எந்தப் பதிப்பில் எடுத்தார்கள் என்று முதலில் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். மென்பொருளின் பதிப்பு எண்ணும் காணொளியின் பதிப்பு எண்ணும் பொருந்தாவிட்டால் வேறு காணொளியைத் தேட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் அவர் முதல் சில வாரங்களை இழந்திருக்க மாட்டார்.

ரேம் கணக்கையும் கிராஃபிக்ஸ் சிப் பற்றிய சோதனையையும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே செய்ய வேண்டும். கணினியால் முடியாததைத் தன்னால் முடியாததாக எண்ணி ஒதுங்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

குரல் பதிவு கடைசியில் நடந்தது. அது முதலில் நடந்திருந்தால் எந்தக் காட்சி எவ்வளவு நேரம் என்பது நோட்டிலேயே முடிவாகியிருக்கும். புழு தொங்கும் காட்சியில் விளக்கம் ஓடவும் வேண்டியிருந்திருக்காது. அந்தக் காட்சியை மட்டும் இரண்டு நொடி நீட்டி, புதிய குரலோடு மாற்றும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.